காஸ் சூடேற்றியின் காவற்கருவியைச் சோதித்தலும் பேணலும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



பெரும்போக வயலிற் பயிர் நிற்கும் மார்கழி தொட்டு மாசி வரையுள்ள மாதங்களிலே கோழிக்குஞ்சு வாங்கி வளர்ப்போர் உங்களுட் பலர் உளர். கூளத்துக்கு வேண்டிய உமி கைவசம் உண்டு. சித்திரை வருடப்பிறப்புக்கு விற்றுக் காசாக்கலாம் என்ற எண்ணமும் உண்டு. ஆனால் அக்காலத்து இரவுகள் குளிர்ந்தவை. தாய்க்கோழியின் இறகுச் சூடு இன்றி வளரும் ஒருநாட் குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறக்குறைய 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரையான வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்துக்கு 3 பாகையளவிற் குறைத்துக்கொண்டு வரலாம். நள்ளிரவில் இந்தச் சூடு இல்லாதொழிந்தால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையிற் குவியும். அடியில் அகப்பட்டவை மூச்சடைத்து மடியும். இதனை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

முன்னர் மின்குமிழையே நம்பியிருந்தோர் பலர். 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் காஸ் சூடேற்றியைப் பற்றி என்னிடம் விசாரிப்போர் தொகை கூடிற்று. கடைக்காரர் 'புறூடர்' என்று சொல்லும் அக்கருவி நல்ல கருவியே. அதனை வாங்கவேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. அதன் பக்கத்தில் விரலளவான ஒரு சிறு காவற்கருவி உண்டு. அதனைச் சோதியாமலும், சிலவேளை அதனைச் செயலிழக்கச் செய்தும், இராமுழுதும் நெருப்பை எரியவிடும் வழக்கம் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கோழி வளர்ப்பு கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தாரின் அலுவலல்லவா, நெல்லையும் மரக்கறியையும் பார்ப்பவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். குஞ்சு அவர்களுடையதுதான். ஆனால் மிளகாய் உலர்த்தும் காஸ் கூண்டிலும் இதே காவற்கருவிதான் இருக்கிறது. கொட்டில் தீப்பற்றினால் அருகிலுள்ள நெல் மூட்டையும் சேர்ந்தே எரியும்.

முதலில் இவ்வாயுவின் இயல்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும். சிலிண்டரிலே இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. அழுத்தத்தினால் திரவமாக்கப்பட்டு உள்ளே அடங்கியிருக்கிறது. ஒரு லீற்றர் திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லீற்றர் வாயுவாக விரியும். நூறு பங்கு காற்றில் இரண்டு பங்களவு இவ்வாயு கலந்தாலே தீப்பற்றும். இதனினும் கவனிக்கவேண்டியது அதன் கனம். புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் ஏறக்குறைய இரு மடங்கும் கனமுள்ளவை. ஆகவே கசியும் வாயு புகையைப்போல மேலெழுந்து கூரைவழியே போய்விடுவதில்லை. வரம்பு கட்டிய வயலில் நீர் நிற்பதுபோல நிலத்தோடு நிலமாகத் தேங்கும். குஞ்சுக் கொட்டிலின் அடிச்சுவரோ குளிர்காற்றுப் புகாதபடி கட்டப்பட்டது. அதற்குள்ளே தகரத்தாலோ மட்டையாலோ அமைத்த தடுப்பு வளையம் வேறு. வாயு தங்குவதற்கு இதைவிட வசதியான கிடங்கு வேறில்லை.

இயற்கையில் மணமற்ற இவ்வாயுவுக்கு, கசிவை நாம் அறியும்பொருட்டு, கெட்ட மணமுள்ள பொருளொன்று சேர்க்கப்படுகின்றது. ஆயினும் கோழிக்கூளத்தின் நெடி வீசும் கொட்டிலில், அதுவும் நித்திரையிலிருப்பவனுக்கு, அம்மணம் எச்சரிக்கை தருமென்று நம்பியிருக்கலாகாது. 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் எமது நாட்டுக் குசினிகளில் அடுத்தடுத்து நேர்ந்த வெடிப்புகளை யாவரும் அறிவீர்கள். அவற்றை ஆராய அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. வாயுவின் கலவை மாற்றப்பட்டமை பற்றியும் அப்போது அதிகம் பேசப்பட்டது. கலவையைச் சோதிப்பது எமது கையில் இல்லை. எமது கொட்டிலிலுள்ள இணைப்பையும் குழாயையும் காவற்கருவியையும் சோதிப்பது எமது கையிலேதான் இருக்கிறது.

இனிக் காவற்கருவி வேலைசெய்யும் விதத்தைக் கூறுகிறேன். சூடேற்றியின் எரிமுகத்தருகே, பென்சில் முனைபோன்ற ஓர் உலோகத் துண்டு நெருப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதிலிருந்து மெல்லிய செப்புக் குழாயொன்று வால்வுக்குச் செல்லும். இதனை வெப்பவிணை என்பர். கடையில் 'தேர்மோகப்பிள்' என்று கேட்கவேண்டும். வேறு வேறான இரண்டு உலோகங்கள் ஒரு நுனியில் இணைக்கப்பட்டு, அந்நுனி சூடாக்கப்படும்போது சிறிதளவு மின்சாரம் பிறக்கும். வோல்ற்றின் ஆயிரத்திலொரு பங்கை மில்லிவோல்ற்று என்பர். இங்கே பிறப்பது அவற்றில் இருபது முப்பது மாத்திரமே. கைவிளக்கின் குமிழைக்கூட அது எரியச் செய்யாது. ஆனால் வால்வினுள்ளே இருக்கும் சிறு மின்காந்தத்துக்கு அது போதும். அம்மின்காந்தம் வால்வின் கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டிருக்கும். நெருப்பு அணைந்தால் நுனி ஆறும், மின்சாரம் ஒழியும், காந்தம் பிடியை விடும், வில்லுச் சுருள் கதவைப் படாரென்று மூடும். மின்கலமும் வேண்டாம், காவற்காரனும் வேண்டாம்.

பற்றவைக்கும்போது பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கவேண்டியது இதனாலேதான். நுனி சூடேறி மின்சாரம் பிறக்கும்வரை காந்தம் செய்யவேண்டிய வேலையை உங்கள் விரல் செய்கிறது. அதற்கு இருபது முப்பது விநாடி செல்லும். பலர் ஐந்து விநாடியிற் கையை எடுத்துவிட்டு, கருவி பழுதென்று குறைகூறுவர்.

சில காலத்துக்கு முன் வன்னியில் ஒரு கமத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே சூடேற்றியின் பொத்தான் வேலிக்கம்பித் துண்டொன்றினால் அழுத்திக் கட்டப்பட்டிருந்தது. ஏன் ஐயா இப்படி என்று கேட்டேன். "தம்பி, அது இரவில் இரண்டு மூன்று தரம் தானாக நூர்ந்துவிடுகிறது. கட்டிவிட்டபின் தொல்லையில்லை" என்றார் அப்பெரியவர். அவர் சொன்னது உண்மையே. கட்டிவிட்டபின் கருவி வாயுவை நிறுத்தாது. காற்று வீசி நெருப்பு அணைந்தாலும், வாயு தன்பாட்டில் வந்துகொண்டேயிருக்கும். குஞ்சுகளுக்குப் பக்கத்திலே ஒரு சாக்குக் கட்டில் கிடந்தது. அதில் யார் படுப்பது என்று கேட்டேன். தம் மகன் என்றார்.

சிலிண்டரை மூடி, சூடேற்றியை ஆறவிட்டு, இருவருமாக அதனைக் கீழே இறக்கிப் பார்த்தோம். வெப்பவிணையின் நுனியில் குஞ்சின் மென்சிறகும் உமித்தூசும் கரியும் சேர்ந்து கம்பளிபோலப் படிந்திருந்தன. அதுவுமன்றி, சங்கிலியை உயர்த்தும்போது எங்கோ தட்டுப்பட்டு, நுனி நெருப்பிலிருந்து அரை அங்குலம் விலகியிருந்தது. நெருப்பு சற்று ஆடினாலே நுனி ஆறிவிடும். கருவி தன் கடமையைச் செய்து வாயுவை மூடும். துடைத்து, வளைவை நிமிர்த்தி, கம்பியை அவிழ்த்தெறிந்தோம். ஒரு சதமும் செலவாகவில்லை. சூடேற்றி அதன்பின் அணையவில்லையென்று பின்னர் சொல்லியனுப்பினார். இதிலே பெரியவரைக் குறைகூற நான் விரும்பவில்லை. குஞ்சு சாகக்கூடாது என்பதே அவர் எண்ணம். ஆனால் அடிக்கடி அணையும் சூடேற்றி எதையோ சொல்கிறது. அதன் வாயைக் கம்பியாற் கட்டுவது பரிகாரமாகாது.

இப்போது சோதிக்கும் முறைக்கு வருவோம். குஞ்சு வருவதற்கு ஒருநாள் முன்னதாகவே கொட்டிலைச் சூடாக்கத் தொடங்குவது வழக்கம். அதற்கும் முந்திய நாள், பகல் வெளிச்சத்தில், கொட்டிலின் படங்குகளைச் சுருட்டிவிட்டுச் சோதனையைச் செய்க. அருகில் அடுப்போ கொள்ளியோ சுருட்டோ இருக்கலாகாது. சிலிண்டர் கொட்டிலுக்கு வெளியே, நிழலில், நிமிர்ந்து நிற்கவேண்டும். படுத்திருக்கும் சிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாயினுள் இறங்கிவிடும்.

முதலாவது கசிவுச் சோதனை. சூடேற்றியின் வால்வை மூடிவைத்து, சிலிண்டரைத் திறந்து, சவர்க்கார நுரையைத் தூரிகையால் றெகுலேற்றர், குழாயின் இரு முனைகள், வால்வின் இணைப்பு ஆகிய இடங்களிற் பூசுக. குமிழி எழுந்து பெருத்தால் அங்கே கசிவு உண்டு. நெருப்புக்குச்சியைக் கிழித்துக் கசிவு தேடுவோரும் எம்மிடையே இருக்கிறார்கள். இது கிணற்றின் ஆழத்தைக் குதித்துப் பார்ப்பதை ஒத்தது.

இரண்டாவது பற்றவைக்கும் பொறியின் சோதனை. சில சூடேற்றிகளில் நெருப்புக்குச்சி வேண்டாது, ஒரு பொத்தானை அழுத்தினால் 'டக்' என்ற ஓசையுடன் பொறி பறக்கும். உள்ளேயிருக்கும் சிறு சுத்தியல் ஒருவகைப் பளிங்குக் கட்டியை அடிக்க, பல்லாயிரம் வோல்ற்று அழுத்தமுள்ள மின்சாரம் ஒரு கணம் பிறந்து, கம்பி நுனியிலிருந்து எரிமுகத்துக்குப் பாய்கிறது. சிலிண்டரை மூடி, குழாயில் எஞ்சிய வாயுவும் நீங்கியபின், நிழலில் வைத்து இப்பொத்தானை அழுத்திப் பாருங்கள். நீலப்பொறி நேரே எரிமுகத்துக்குப் பாயவேண்டும். பொறி வாராவிடில் பெரும்பாலும் காரணம் மூன்றிலொன்று: கம்பி நுனி அழுக்கடைந்திருக்கும், இடைவெளி மூன்று நான்கு மில்லிமீற்றரிலும் மிக விலகியிருக்கும், அல்லது கம்பியைச் சூழ்ந்த வெண்பீங்கான் வெடித்து, பொறி வழியிலேயே வேறிடத்துக்குப் பாய்ந்துவிடும். முதல் இரண்டையும் நீங்களே திருத்தலாம். வெடித்த பீங்கானை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தல் ஆகாது.

பொறி இல்லாத சூடேற்றியானால், நீண்ட கைப்பிடியுள்ள தீக்கோலைக் கொளுத்தி எரிமுகத்தருகே பிடித்தபின்னரே வாயுவைத் திறக்கவேண்டும். வாயுவைத் திறந்துவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடுவது பேராபத்து. பத்து விநாடிக்குள் பற்றாவிடில் மூடிவிடுக. ஐந்து நிமிடம் காத்திருந்து, தேங்கிய வாயு நிலத்தோடு வெளியேறும்படி செய்து, பின்னரே மறுமுறை முயல்க. பொறுமையிழந்து திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்துகின்றவனுடைய புருவமே முதலிற் கருகும்.

மூன்றாவது சோதனையே முக்கியமானது. சூடேற்றியைப் பற்றவைத்து, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, விடுக. ஐந்து நிமிடம் எரியட்டும். பின்னர் சூடேற்றியின் வால்வைத் தொடாமல், சிலிண்டரை மாத்திரம் மூடுக. குழாயிலுள்ள வாயு தீர்ந்ததும் நெருப்பு அணையும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேளுங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் வால்விலிருந்து 'டிக்' என்று ஓரொலி கேட்கும். அதுவே காந்தம் பிடியை விட்ட ஒலி. ஊதி அணைத்துச் சோதிப்பதிலும் இம்முறை மேலானது. ஏனெனில் சோதிக்கும் நேரத்தில் வாயு வெளியேறுவதில்லை.

இரண்டு நிமிடம் சென்றபின், எரிமுகம் நன்றாக ஆறியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, பொத்தானைத் தொடாமலே சிலிண்டரை மெல்லத் திறக்கவேண்டும். எரிமுகத்திலிருந்து 'உஸ்' என்ற ஓசையோ வாயு மணமோ வரலாகாது. வந்தால் வால்வின் கதவு சரியாக மூடவில்லை. உடனே சிலிண்டரை மூடி, அச்சூடேற்றியை ஒதுக்கிவைக்கவேண்டும். அவ்வாறே ஒன்றரை நிமிடம் கடந்தும் ஒலி கேளாவிடினும் அதனை நம்பலாகாது. இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திலிருத்துக. வெப்பவிணை பழுதானால் சூடேற்றி எரிய மறுக்கும். அது தொல்லை, ஆனால் ஆபத்தில்லை. வால்வின் கதவு பழுதானால் சூடேற்றி எவ்விதக் குறையுமின்றி எரியும். ஆபத்து அங்கேதான் உண்டு. நன்றாக எரிகிறதே, சோதனை எதற்கு என்போர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

பேணும் முறைகளிற் பெரும்பாலானவை துப்புரவைப் பற்றியவை. வாரமொருமுறை, சிலிண்டரை மூடிச் சூடேற்றியை ஆறவைத்தபின், வெப்பவிணையின் நுனியை உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். கரி இறுகியிருந்தால் மிக மெல்லிய மணற்கடதாசியால் இலேசாகத் தேய்க்கலாம், கத்தியாற் சுரண்டலாகாது. நெருப்பு நுனியைச் சூழ்ந்து நிற்கிறதாவென்று பற்றவைத்துப் பார்க்கவேண்டும். செப்புக் குழாயை மடிக்கவும் நசுக்கவும் வேண்டாம். அது வால்வில் இணையும் சுரையைக் கையால் இறுக்கி, பின்னர் திருகுசாவியால் காற்சுற்று மாத்திரம் திருப்பினாற் போதும். உழவு இயந்திரத்தின் சில்லுச் சுரையை இறுக்குவதுபோல இறுக்கினால் உள்ளேயுள்ள காப்பு நசிந்து, புதிய வெப்பவிணையும் வேலைசெய்யாது.

வாயு வெளிவரும் சிறு துளையை ஊசியாலும் கம்பியாலும் குத்துவது எங்கும் காணப்படும் தவறான வழக்கம். அத்துளை உரிய அளவில் துளைக்கப்பட்டது, குத்தினாற் பெருக்கும், பெருத்தால் நெருப்பு மஞ்சளாகிக் கரி கக்கும். சைக்கிட் பம்பினாற் காற்றடித்து ஊதினாற் போதும். சிலந்தியும் சிறு வண்டும் இக்குழாய்களிற் கூடு கட்டும். ஆதலால் ஒரு போகம் சும்மா கிடந்த சூடேற்றியை ஊதாமற் பற்றவைக்கலாகாது. காற்று உள்ளிழுக்கும் பக்கத்தில் வலை இருந்தால் அதில் அடையும் மென்சிறகை நாள்தோறும் தட்டிவிடவும். வால்வு இறுகினால் தேங்காயெண்ணெய் விடுகிறார்கள், அதுவும் கூடாது. வால்வினுள்ளே கைவைப்பது தேர்ந்த தொழிலாளியின் வேலை.

குழாயைப் பற்றி ஒன்று. நெல்லும் உமியும் உள்ள இடத்தில் எலி இராதிருக்குமா? எலியின் பல்லுக்கு றப்பர்க்குழாய் பனங்கிழங்குபோல. குழாயின் முழு நீளத்தையும் கையால் வளைத்துப் பார்த்து, வெடிப்போ பற்குறியோ கண்டால் மாற்றிவிடுக. வெட்டி ஒட்டலாகாது. அதன்மேல் அச்சிட்டுள்ள காலம் கடந்தாலும் மாற்றவேண்டும். றெகுலேற்றர் சூடேற்றிக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். வீட்டு அடுப்புக்குரியது குறைந்த அழுத்தமுடையது. சில சூடேற்றிகள் அதிலும் பன்மடங்கு கூடிய அழுத்தத்தில் எரிபவை. சூடேற்றியின் தகட்டில் எழுதியிருப்பதைக் கடைக்காரரிடம் காட்டி வாங்குவதே சரி. சூடேற்றியைத் தொங்கவிடுவது சங்கிலியினால், குழாயினாலன்று. சங்கிலி அறுந்தாலும் உமிமேல் விழாதபடி இரண்டாவது சங்கிலியொன்று இருத்தல் நன்று.

நெருப்பு நீலமாக எரியவேண்டும். செம்மையாகச் சூடேறும் வலைத்தட்டுள்ள வகையானால் தட்டு முழுவதும் ஒரே நிறமாகச் சிவக்கவேண்டும். மஞ்சட் சுவாலையும் கரியும் தோன்றினால் காற்றுப் போதவில்லை என்பது பொருள். அப்போது காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு பிறக்கும். அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. குளிருக்கு அஞ்சிக் கொட்டிலை நாற்புறமும் பொலித்தீனால் மூடிவிடுவோர் இதனைக் கவனிக்க. மேற்பகுதியில் காற்றோட்டத்துக்கு இடம் விடுக. தேங்கும் வாயு வெளியேற அடியிலும் ஒரு சிறு வழி விடுக. எவ்வளவு நல்ல சூடேற்றியாயினும் அதனோடு ஒரே கொட்டிலில் மனிதர் படுக்கலாகாது. இரவிற் பார்க்கவேண்டுமானால் எழுந்து சென்று பார்த்துத் திரும்புக.

தாய்மாரும் இக்கூட்டத்துக்கு வந்திருப்பதால் ஒரு வார்த்தை. வீட்டிலுள்ள காஸ் அடுப்புகள் பலவற்றில் இக்காவற்கருவி இல்லை. பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தால் வாயு நிற்காமல் வரும். குமிழை அழுத்திச் சில விநாடி பிடித்தாலன்றி எரியாத அடுப்பே இக்கருவி உள்ள அடுப்பு. அடுத்த முறை அடுப்பு வாங்கும்போது கடைக்காரரிடம் அதனைக் கேட்டுப் பாருங்கள்.

வாயு மணம் வீசினால் முதற்செயல் சிலிண்டரை மூடுவது. மின்சார ஆளியைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். கைத்தொலைபேசியை வெளியே சென்றபின் எடுக்கலாம். எல்லோரையும் வெளியேற்றி, படங்குகளைத் திறந்து, காற்று நிலமட்டத்தில் ஓடும்படி விடுக. குஞ்சுகளை எடுக்க உள்ளே ஓடவேண்டாம். எவருக்கேனும் நெருப்புச் சுட்டால், சுட்ட இடத்தில் இருபது நிமிடம் குளிர்நீரை ஓடவிடுக. பற்பசையும் எண்ணெயும் பூசாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

சோதித்த திகதியைக் கொட்டில் மரத்திற் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவையுங்கள். ஒவ்வொரு கூட்டம் குஞ்சுக்கு முன்பும் அதன்கீழே புதிய திகதி வரவேண்டும். வெப்பவிணையை மாற்ற நேர்ந்தால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், நீளமும் புரியும் ஒத்திருப்பதைப் பார்த்து வாங்குக. சந்தேகமுள்ளோர் சூடேற்றியை எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்கு வரலாம், சேர்ந்து பார்ப்போம். சிலிண்டரை மாத்திரம் வீட்டிலேயே விட்டு வாருங்கள்.